விரல் வைத்த சொல்

ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து பிரெஞ்சுக் காகிதங்களை மொழிபெயர்த்து முத்திரை குத்தித் தருபவளுக்கு ஊர் வைத்த பெயர் முத்திரையக்கா. இருபத்தாறு வருஷத் தொழில். ஒரு சொல் கூட்டமாட்டாள், ஒரு சொல் குறைக்கமாட்டாள். அந்த எழுத்தே தெரியாதவர்களையும் மூலக் காகிதத்தில் வரிவரியாக விரல் வைக்கச் சொல்லித்தான் வாசிப்பாள். "நாளைக்கு ஒரு வரிய விட்டுட்டேன்னு யாரும் என் தலையில பழி போடக் கூடாது பாருங்க." அவ்வளவு கறார்.

போன வருஷம் ஒரு தையல்காரி வந்தாள். பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பலில் மெக்கானிக்காகப் போன புருஷனைக் கடலில் காணவில்லை. அவர் உயிரோடு இருக்கும் 'பொசிபிலிதே'யை மறுப்பதற்கில்லை என்று முடிந்திருந்தது கம்பெனிக் கடிதம்.

"அப்படின்னா என்னக்கா?"

"சாத்தியம்னு அர்த்தம்மா. நடந்தாலும் நடக்கலாம்."

அர்த்தம் சரிதான். மழை வர, வேலை கிடைக்க, எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு ஜனங்கள் வாய்க்கு வாய் சொல்கிற சொல். ஆபீஸ்காரர்கள் மட்டும் கையை விரிப்பதற்கு முன்னால் மரியாதைக்கு ஒருமுறை எழுதிவைப்பார்கள். இதை எந்த அகராதியும் சொல்லாது. முத்திரையக்காவும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை, அதுதான் உண்மை.

அதன்பிறகு மாதம் ஒருமுறை தையல்காரி அதே கடிதத்தோடு வந்தாள். புதிதாக வாசிக்க ஒன்றுமில்லை. அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்து, "இன்னும் இருக்குல்லக்கா?" என்பாள்.

"இருக்கும்மா" என்பாள் இவள்.

நேற்று தையல்காரி ஒரு புதுக் கடிதத்தோடு வந்தாள். தேடுவதை நிறுத்திவிட்டோம், அவர் இறந்துவிட்டதாகவே கொள்கிறோம். மொத்தமே நாலு வரி. முத்திரையக்கா முதலில் மனசுக்குள் வாசித்துப் பார்த்தாள். ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் என்ன என்று தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தோன்றியது. யார் குடி முழுகிவிடப் போகிறது?

"இருக்கும்மா, இதுலயும் அந்தச் சொல்லு..." என்று ஆரம்பித்தேவிட்டாள்.

தையல்காரி அதற்குள் பழக்கப்படி விரலை வைத்திருந்தாள். முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. மறுபடி மேலிருந்து. எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, ஒரு வருஷமாய்த் தடவிய சொல். தையல்காரி கண்ணுக்கு அளவு தப்புமா?

"எங்கக்கா இருக்கு? காட்டுங்க."

முத்திரையக்கா அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். வைப்பதற்குத்தான் இடமில்லை.