மலை இல்லாத ஊரின் மலையேறி

வெளிநாட்டில், கிளேட்டனில் நான் அறை எடுத்துப் படித்த வீட்டின் சொந்தக்காரர் இத்தாலியர். ஒருநாள் அவருடைய குசினியில் சமைத்துக்கொண்டிருந்தபோது, "நானும் பெரிய மலையேறிதான்" என்று அளந்துவிட்டேன். என் ஊரான யாழ்ப்பாணத்தில் மலையே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. நம்பிய மனிதர் ஜூலை விடுமுறையில் இத்தாலியின் அப்ரூசோவில் இருக்கும் தன் ஊர் மலைக்கே என்னைக் கூட்டிப்போனார்.

உச்சியில் ஒரு சின்ன மாதா கோயில். பாதி வழியிலேயே இரவல் சப்பாத்து காலைக் கடித்து நான் பின்தங்கினேன். குட்டு வெளிப்படப்போகிறது! சட்டென்று சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

"என்னடா பெடியா, என்ன செய்யிறாய்?"

"எங்கட ஆக்கள் கோயில் மலைக்குச் சப்பாத்தோட ஏறமாட்டினம்."

"அப்ப நானும் கழற்றுறன்!"

பிறகென்ன, நெருஞ்சி முள்ளில் ஓடி வளர்ந்த என் கால்கள் முன்னே பறந்தன. அவரோ "ஐயோ, மாதாவே!" என்று கல்லுக்குக் கல் நொண்டிக்கொண்டு வந்தார். உச்சியில் என்னைக் கட்டிப்பிடித்து, "நீ உண்மையான மலைக்காரன்" என்றார்.

கிளேட்டனுக்குத் திரும்பியதும், குசினிச் சுவரில் மாட்ட எங்கள் ஊர் மலையின் படம் கேட்டார். அன்றே ஊரிலிருக்கும் தம்பிக்குக் கடிதம் எழுதினேன்: "கடற்கரை மணல்மேட்டை நிலத்தில் படுத்திருந்து படம் எடு. பக்கத்தில் ஆடு நின்றால் முதலில் துரத்திவிடு."