மாரிமுத்து தெரிந்தெடுத்த மோட்டர்

என்னை நல்ல முதலாளி என்பார்கள். இதை வாசித்தபின் சொல்லமாட்டார்கள்.

பரந்தனில் என் அரிசி ஆலையின் இழுத்துத் திறக்கும் கேற்றுக்குத் தானியங்கி மோட்டர் வாங்கப் போனபோது காவலாளி மாரிமுத்துவையும் கூட்டிப் போனேன். பன்னிரண்டு வருடங்களாக ஒரு பொய்க்காலோடு அதை இழுத்துத் திறந்தவர்.

"மாரி மழைக்கு கேற் ஓடுற கம்பியில சேறு இறுகும் ஐயா. சின்ன மோட்டர் எரிஞ்சு போகும்," என்றவர், பெரிய மோட்டர் ஒன்றைத் தொட்டார். "இது நல்லது. கரண்ட் போனா நான் கையால திறந்து விடுவன்."

கடைக்காரர் சிரித்தார். "பற்றரி உள்ளதை எடுங்கோ. ஆளே தேவையில்லை."

மாரிமுத்து ஏன் அதைத் தெரிந்தெடுத்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியும், அவர் முன்னாலேயே, "பற்றரி உள்ளதைத் தாங்கோ" என்றேன். வழியில், மோட்டரைப் பொருத்திப் பூட்டியபின் வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

மோட்டர் பூட்டிய அன்று, மூடிக்கொண்டு வந்த கேற்றுக்குக் குறுக்கே அவர் மிச்சமிருந்த ஒரே காலை வைத்தார். கேற் நின்றது.

"மூட்டை தூக்கிற ஆக்கள் போய் வாற இடமெல்லே," என்றார். "பயமில்லை ஐயா. ஆளைக் கண்டா நிக்குது."

வெளியே போனார். அவர் வீதியில் ஏறும்வரைகூடப் பொறுக்காமல் கேற்றை மூட ரிமோட்டை அழுத்தினேன்.