மூன்றாவது மணி அடிக்கக் கூடாது

ஒன்பது வயதில் நான்கு நாட்கள் நான் ஒரு மோடத்திடம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தேன். "அப்பா சூளைக்குப் போயிருக்காங்க, பேரு சொல்லுங்க" என்று, பென்சிலும் கையுமாக. அவ்வளவு பணிவாக அதற்குப் பிறகு எந்த மனிதரிடமும் நான் பேசியதில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற குடும்பம் எங்களுடையது. கரண்டு தாண்டிப் போய்விடக் கூடாதே என்று பாடுபட்ட அந்த வம்சத்தில் அப்பாவின் தங்கை மட்டும், என் அத்தை, இரண்டு ஊர்களை இணைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினாள். எங்கள் வூட்டு முன்னறை ஆபீஸில் ஒயரால் பிணைத்த இரண்டு கம்ப்யூட்டர்கள். வேப்பூரில், லாரி ஏற்றுகிற குடோனில், அதேபோல் இன்னும் இரண்டு. நடுவில் போன் லைன், முனைக்கு ஒரு மோடம், அதாவது போன் வழியாகக் கம்ப்யூட்டர்களைப் பேச வைக்கிற பெட்டி. அங்கே ஆர்டரை அடித்தால் இங்கே திரையில் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை சூளை பிரிப்பதற்குள் தெரிந்துவிட்டால் வேப்பூர் ஆபீஸ் அத்தையின் பொறுப்பு. இல்லையென்றால் அங்கே அம்மாவின் தம்பி, என் மாமா, வந்து உட்காருவார், அத்தை வூட்டில் உட்காரலாம். இது அப்பாவின் தீர்ப்பு.

அப்பாவிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. போன் மூன்றாவது முறை அடிக்கக் கூடாது. அடித்தால் பார்ட்டி பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவான். அரையாண்டு லீவில் அந்தச் சட்டத்துக்குக் காவல் நான். எங்கள் மோடமோ மூன்று மணி அடித்த பிறகுதான் தானாக எடுக்கும். எனக்கு யார் சொன்னார்கள்? இரண்டாவது மணியிலேயே பாய்ந்து எடுத்தேன். விட்டு விட்டு ஒரு கீச்சொலி கேட்கும். விசாரித்துவிட்டு வைப்பேன். நோட்டில், 'பேர் சொல்லாத பார்ட்டி, ஏழு தடவை' என்று எழுதியும் வைத்தேன். நோட்டை யாரும் பார்க்கவில்லை.

வேப்பூரில் அத்தை ஒயர்களை மாற்றினாள், லைன்மேனைக் கெஞ்சினாள். மோடம் சத்தம் தலையை வலிக்கிறதென்று லோடுமேன்கள் சொன்னதால் அதை முதல் நாளே குறைத்து வைத்திருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம், வேறு வழியில்லாமல், சத்தத்தை முழுசாகத் திறந்துவிட்டு டயல் செய்தாள். பெட்டிக்குள்ளிருந்து என் குரல் கேட்டது.

"உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

அடுத்த நிமிடம் போன் அடித்தது. இந்த முறை அத்தையே பேசினாள். "அடியே, நீதானா அது! இப்ப மறுபடி அடிக்கும், தொடாத. உங்கப்பாவே வந்தாலும் எடுக்க வுடாத."

சொல்லி வைத்ததுபோல் அப்பா உள்ளே வந்தார். ஒரு மணி. இரண்டு. "காது கேக்கலியா ஒனக்கு? எடு!" என்று பாய்ந்தார். நான் போன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். வயிற்றுக்கடியில் மூன்றாவது மணி அடித்தது. மேஜையிலிருந்த பெட்டி கிறீச்சிட்டு, கரகரத்து, அடங்கியது. கொஞ்ச நேரத்தில் திரையில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு வரி: அண்ணே, வேப்பூர் சாவி என்கிட்டயே இருக்கட்டும்.

அப்பா அதை இரண்டு முறை படித்தார். மாமாவை வர வேண்டாமென்று சொல்ல போனை எடுக்கப் போனவர், பெட்டியில் மினுங்கிய விளக்குகளைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். எனக்கு அடி விழவில்லை என்பதுதான் அன்று எனக்குப் புரிந்த ஒரே செய்தி. அத்தைக்கு ஒரு நாற்காலி கிடைத்தது புரிய நெடுநாள் ஆயிற்று.

அந்த நாற்காலியில்தான் இன்றும் இருக்கிறாள். போன மாதம் வேப்பூரில் அவளிடம், "அன்னைக்கு அப்பாவ நான் தடுக்கலன்னா இதெல்லாம் ஏது அத்தை?" என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன்.

அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்த வாரம் ஒனக்கு ஸ்கூலு இருந்திருந்தா திங்கக்கெழமயே கனெக்ட் ஆயிருக்கும்டி."