முக்கொம்பில் முடிந்த வழக்கு

பக்கத்து வீட்டு மருமகள் போன வாரம் காபிப் பொடி கேட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. ஏதோ சண்டை போலிருக்கிறது என்று உட்காரச் சொன்னேன். “சண்டையெல்லாம் இல்ல ஆன்ட்டி. வருஷக்கணக்கா பாத்துட்டு வந்த போலீஸ் சீரியலை நிறுத்திட்டாங்க. வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க” என்றாள். நான் சிரிக்கவில்லை. இந்தத் தில்லை நகரிலேயே அவளுக்காக நிஜமாக வருத்தப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அவள் போனதும் டிவியைத் துடைத்தேன். பின்பக்கம் சூட்டில் தூசி காய்ந்த வாசனை. பழைய வால்வு ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு அது தெரியும். முதலில் வாசனை, பிறகு கரகரப்பு, அப்புறம்தான் குரல் வரும்.

எழுபதுகளின் நடுவில் திருவெள்ளறையிலிருந்து டைப்பிஸ்ட் வேலைக்கு இந்த ஊருக்கு வந்து, மாதா கோயிலை ஒட்டிய பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். கூடத்தில் ஒரு ரேடியோ. வாரம் முழுக்க அது வார்டனுடையது. ஞாயிறு மதியம் அரைமணி மட்டும் எங்களுடையது. அந்த அரைமணியைப் போராடி வாங்கித் தந்தவர் எங்களோடு தங்கியிருந்த பிலோமினா டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். அவர் மெதுவாகப் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும்.

அந்த அரைமணியில்தான் ‘ஞாயிறு வழக்கு’ என்ற துப்பறியும் நாடகம். பல வருஷமாக வந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் மாசிலாமணி இருமினால் எங்களுக்கும் தொண்டை கட்டும். அவருக்கு உதவியாக வசந்தா என்றொரு பெண் போலீஸ். என் ஆபீஸ் தோழி ரங்கநாயகி இதற்காகவே ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். அவள் வீட்டு ரேடியோவில் உபன்யாசம் தவிர வேறெதற்கும் இடமில்லை.

ஒரு வழக்கில், ஊருக்கு வெளியே இருக்கும் முக்கொம்பு அணையின் மதகடியில் ஒரு மில் முதலாளி பிணமாகக் கிடந்தார். கொன்றது மானேஜரா, தம்பியா? அடுத்த ஞாயிறு தெரியும் என்றார்கள். அடுத்த ஞாயிறு ஓர் அறிவிப்பு வந்தது: நிகழ்ச்சி நிறைவு பெற்றது, இனி இந்த நேரத்தில் சமையல் குறிப்பு. தொடர்ந்து யாரோ ஒரு அம்மாள் வாழைப்பூ ஆய ஆரம்பித்தார்.

“பெருமாளே! யாரு கொன்னான்னு சொல்லாமயே இவா போயிட்டாளே!” என்று ரங்கநாயகி தலையில் கை வைத்தாள்.

மறுநாளே டீச்சர், ரங்கநாயகி, நான் மூவரும் அரைநாள் லீவு போட்டு வானொலி நிலையத்துக்குப் போனோம். அதிகாரி எங்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சிரித்தார்.

“அதைக் கேக்க ஆளே இல்லம்மா. அதுவுமில்லாம, பொம்பளப் பிள்ளைங்க கொலைக் கதை கேட்டா கெட்டுப் போயிடுவீங்க.”

“அப்ப சமையல் குறிப்பு கேட்டா நல்லா சமைச்சிடுவோமா சார்?” என்றார் டீச்சர். அதிகாரியின் சிரிப்பு நின்றது. எங்கள் பேட்டியும் முடிந்தது.

திரும்பும் வழியெல்லாம் டீச்சர் வேக வேகமாக நடந்தார். விடுதி வாசலில் நின்று சொன்னார்: “அவங்க நிறுத்தினா நிறுத்தட்டும். நாம முடிப்போம். ஞாயித்துக்கிழமை முக்கொம்புக்கு வாங்க.”

விடுதிப் பெண்கள் எல்லோரும் புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். டீச்சர் மாசிலாமணி, ரங்கநாயகி வசந்தா, மானேஜரும் தம்பியும் விடுதிப் பெண்கள் இருவர். எனக்கு வசனம் மறந்துவிடும் என்பது ஊரறிந்த விஷயமாகையால் பிணம் வேஷம் கொடுத்தார்கள். மதகுக்குப் பக்கத்தில், சுடுகிற கல்லில், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தேன். மீன் வறுக்கும் வாசனை வேறு வந்து பிணத்துக்குப் பசியைக் கிளப்பியது.

நாடகம் சூடு பிடிக்கும்போது, வேடிக்கை பார்க்க வந்த ஓர் அம்மாள், “ஐயோ, பொணம்!” என்று அலறிவிட்டார். கூட்டம் கூடியது. ஒரு கான்ஸ்டபிள் விசிலோடு ஓடிவந்தார். நான் துண்டை விலக்கி எழுந்து உட்கார்ந்தேன். பாவம், அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

“என்னம்மா இதெல்லாம்?”

“ரேடியோவுல வந்த ‘ஞாயிறு வழக்கு’ங்க. பாதியில நிறுத்திட்டாங்க. மிச்சத்தை நாங்க நடத்துறோம்” என்றார் டீச்சர்.

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றினார். “அந்த மில்காரர் கேஸா? தம்பிதாங்க செஞ்சிருப்பான்.”

“மானேஜர்!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். கடலை விற்றவர் தம்பி கட்சி. அலறிய அம்மாள் மானேஜர் கட்சி. டீச்சர் கல்மேல் ஏறி நின்றார்.

“இந்த நாடகத்தைக் கேட்டவங்கல்லாம் கை தூக்குங்க!”

எத்தனை கைகள்! வளையல் போட்டவை, மீன் மசாலா ஒட்டியவை, விசில் பிடித்த ஒன்று. கேட்க ஆளே இல்லை என்றாரே, அந்த அதிகாரி அங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும். டீச்சருக்குக் கண் கலங்கியது. “இப்ப நடத்து, ரங்கநாயகி” என்றார். கூட்டத்தைப் பார்த்த கூச்சமெல்லாம் போய், வசந்தாவாகவே நின்று ரங்கநாயகி மானேஜர்தான் கொலைகாரன் என்று மடக்கினாள். கைதட்டலில் மதகுத் தண்ணீரின் சத்தமே கேட்கவில்லை.

நாடகம் திரும்ப ரேடியோவில் வரவில்லை. விடுதியை இடித்துவிட்டார்கள், எங்கள் கூடம் இருந்த இடத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் லிஃப்ட் ஏறி இறங்குகிறது. பிலோமினா டீச்சர் இல்லை. ரங்கநாயகி மகனோடு எங்கோ குளிர்தேசத்தில். பழைய ஒலிநாடாக்களின்மேல் வேறு எதையோ பதிந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மாசிலாமணியின் இருமலைக்கூட இனி யாரும் கேட்க முடியாது.

போகட்டும். எங்களைக் கேட்காமல் அவர்கள் நிறுத்தியதை, அவர்களைக் கேட்காமல் நாங்கள் முடித்தோம். முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினோம்.