அம்மாவின் வாய்மேல் ஒரு கட்டம்

பதினோரு வருஷமாகச் சாகச நாயகர்களின் படக்கதைக்கு எழுதிப் பிழைப்பவளை, அலுவலகத்தில் எல்லோரும் கதைக்காரி என்றே கூப்பிட்டார்கள். அவளுடைய நாயகன் பெயர் காற்றாடி. ஊருக்கு ஆபத்தென்றால் பறப்பான். மற்ற நேரம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடிப்பான். முதல் இதழில் அடிபட்டுப் பழைய ஞாபகமெல்லாம் இழந்து அதே மருத்துவமனையில் கிடந்த அவன் அம்மா, இருபத்திரண்டு இதழாக மகனை யாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்றாவதில் அடையாளம் காண வேண்டும். அந்த ஒரு வசனத்துக்காகக் கதைக்காரி இரண்டு வருஷம் காத்திருந்தாள்.

அந்த மாதம் பார்த்துப் ‘பேரிருள்’ வந்து தொலைத்தது. நிறுவனத்தின் நாயகர்கள் அத்தனை பேரும் ஒன்றுகூடி அடித்துக்கொள்ளும் மகாகதை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் அதுதான் இருக்க வேண்டும். மற்ற தொடர்களெல்லாம் தங்கள் கதையை ஓரங்கட்டிவிட்டு அதற்குப் பல்லக்குத் தூக்க வேண்டும்.

“இருபத்திநாலு பக்கத்துல இருபது சண்டைக்குக்கா. மிச்சம் நாலு உங்களுக்கு,” என்றார் பதிப்பாசிரியர்.

“ஆஸ்பத்திரிக்குள்ள எதுக்குத் தம்பி சண்டை?”

“பேரிருள்ல வானம் கறுத்துப்போச்சுல்ல. எல்லாப் புத்தகத்துலயும் கறுக்கணும்.”

இருபது பக்கத்தைக் கடனே என்று எழுதித் தள்ளினாள். தன் நாலு பக்கத்தை ஒன்பது முறை திருத்தினாள்.

அச்சாகி வந்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினாள். அம்மா மகனைப் பார்த்து வாய் திறந்திருக்கிறாள். அவள் பேச்சு இருக்க வேண்டிய இடத்தை மூடிக்கொண்டு ஒரு மஞ்சள் கட்டம்: ‘தொடர்ச்சி, பேரிருள் ஆறாம் இதழில்!’

“வேற இடமே கிடைக்கலையா?”

“அது கண்ணுல படணும்க்கா. அந்தம்மா என்ன பெருசா சொல்லிடப் போறாங்க?”

ஆறாம் இதழை வாங்கிப் பார்த்தாள். அதில் அம்மாவே இல்லை. காற்றாடி மட்டும் கூட்டத்தின் பின்வரிசையில், வேறு எவனுடைய அங்கியையோ மாட்டிக்கொண்டு நின்றான். அந்தத் தாளைத் தொடவே அருவருப்பாக இருந்தது. எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தாள்.

அடுத்த மாதம் ஒரு பேருந்து நடத்துநரிடமிருந்து கடிதம் வந்தது. முதல் இதழிலிருந்து படிக்கிறவராம். “பேரிருள் ஏழு புத்தகமும் வாங்கிட்டேன். அம்மா என்ன சொன்னாங்கன்னு எதுலயும் இல்ல. நீங்களாவது சொல்லுங்க.”

கதைக்காரி அஞ்சலட்டை ஒன்றை எடுத்து, அம்மாவின் வசனத்தை எழுதினாள்.

“யாருடா உனக்கு முடி வெட்டிவிட்டது? காது ரெண்டும் தனியாத் தெரியுது.”

இருபத்துமூன்றாவது இதழ் முப்பதாயிரம் பிரதி அச்சாகியிருந்தது. அம்மா மகனை அடையாளம் கண்டது அந்த ஒரு அட்டையில் மட்டும்தான்.