ஊதா வெளிச்சத்துக்கு இருபது எண்ண வேண்டும்

தெருவில் அவருக்கு ஊதாக்காரர் என்றுதான் பெயர். வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பாட்டின் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும், வால்வு வைத்த ப்ரீ-ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள் செய்வார். ஒவ்வொன்றிலும் வாயு அடைத்த கண்ணாடிக் குழல் வால்வு ஒன்று இருக்கும். கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே மின்னழுத்தம் ஆடாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. வேலை செய்யும்போது ஊதாவாக எரியும்.

"பொய் சொல்லத் தெரியாத வெளிச்சம்யா இது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அவர் செய்து சோதிப்பார். எதிரே அமர்ந்திருக்கும் மனைவி மூடித் திருகாணி போடுவாள். வால்வு வாங்கி வருவதும் பெட்டியை விற்பதும் மைத்துனன், அவள் தம்பி. குடும்பமே ஒரே மேஜையில், யார் மேல் சந்தேகம் வரும்?

ஒருநாள் பல் டாக்டர் இவரிடம் வாங்கிய பெட்டியோடு வந்து நின்றார். "லிஃப்ட் ஓடுறப்பல்லாம் பாட்டு நடுங்குதுங்க."

"உங்களைப் பார்த்தா யாருதான் நடுங்க மாட்டாங்க?" என்று சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டு எண்ணத் தொடங்கினார். மற்ற வால்வுகள் சூடேறி மின்னழுத்தம் வர இருபது எண்ண வேண்டும். அதன் பிறகுதான் ஊதா. ஆனால் 'ஒண்ணு' சொல்லி வாய் மூடவில்லை, எரிந்துவிட்டது.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. திறந்தார். உள்ளே செத்த வால்வு. அதன் அடியில் கடுகளவு ஊதா எல்.ஈ.டி.

மைத்துனனை உள்ளறைக்கு இழுத்தார்.

"நல்ல வால்வு கிடைக்கலை அத்தான். எரியுதான்னுதானே பாக்குறாங்க?"

"எத்தனை பெட்டி?"

"பதினொண்ணு."

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டியேடா! போ வெளியே!"

அவன் போனான். திரும்பி வந்து பெட்டியைக் கவிழ்த்தபோதுதான் எல்.ஈ.டி.யின் ஈயப் பற்றவைப்பைப் பார்த்தார். கம்பி இடப்பக்கமாக ஒன்றரைச் சுற்று. அந்த வீட்டில் இடதுகைக்காரி ஒருத்திதான்.

"தம்பி கெஞ்சினான்" என்றாள் மனைவி, தலை நிமிராமல். "நீங்க சோதிச்சு முடிச்சதும் நல்லதை எடுத்துடுவேன். அடுத்த பெட்டிக்கு அதையே வெப்பேன்."

ஆக, ஒரே வால்வைப் பதினொரு முறை சோதித்துப் பெருமைப்பட்டிருக்கிறார். மைத்துனனின் துரோகம் தோலோடு போனது. இது எலும்பு வரை இறங்கியது.

"டாக்டர், ஏமாத்து நடந்திருக்கு. என் வீட்டுலதான்" என்று சொல்லிவிட்டு, அந்த ஒரே நல்ல வால்வை டாக்டர் பெட்டியில் பொருத்திச் சுவிட்சைப் போட்டார். ஒண்ணு, ரெண்டு, மூணு. எதிரே அவள் உதடுகளும் பழக்கத்தில் அசைந்தன.

"நீ எண்ணாதே" என்றார்.