காளிதாஸ் குடிக்கவில்லை

"குடிக்காத மனுசனுக்கு எப்படி ஈரல் கெட்டுச்சு?"

1994இல், மலேசியாவில், சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஜானகி பார்த்தவர்களிடமெல்லாம் இதைக் கேட்டாள். அதே தோட்டத்தில் இருந்த என்னிடமும் கேட்டாள்.

அவள் கணவன் காளிதாஸ் ரப்பர் மரம் சீவுகிறவர். கள்ளுக்கடை வழியாகப் போனால் மனைவி சந்தேகப்படுவாளென்று சைக்கிளைச் சுற்றி ஓட்டிப் போகிற ஆள். அவருக்குத்தான் வயிறு வீங்கி, கண் மஞ்சளானது.

"திருட்டுத்தனமா சம்சுச் சாராயம் அடிச்சிருக்கான்லா. ஈரல் பொய் சொல்லுமா?" என்றது தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்க. கேட்டுக் கேட்டு ஜானகிக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோழிக்கூண்டுக்கு அடியில் போத்தல் தேடினாள். வாசலில் உட்கார்ந்திருந்த காளிதாஸ், "கெடச்சா எனக்கும் ஒன்னு காட்டு பிள்ள, நான் பாத்ததில்ல" என்றார். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியிலும் முதலில் பார்த்த டாக்டர் எத்தனை போத்தல் என்றுதான் கேட்டார். பிறகு வந்த டாக்டரம்மாதான் இரத்தம் எடுத்து, ஸ்கேனும் பார்க்கச் சொன்னார். ஈரலில் புற்றுநோய், இரத்தத்தில் ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி. சின்ன வயதிலேயே புகுந்து, சத்தம் போடாமல் வருடக்கணக்கில் ஈரலை அரித்திருக்கும் என்றார். பெற்ற தாயிடமிருந்தோ, பலருக்குப் போட்ட ஒரே ஊசியிலிருந்தோ வந்திருக்கலாம். "இரத்தம் வழியா வீட்டுல இருக்கிறவங்களுக்கும் தொத்தியிருக்கலாம். உங்களுக்கும் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் கட்டாயம் பாக்கணும்மா."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளில் காளிதாஸ் போய்விட்டார். அவருடைய அண்ணன் முனுசாமி அவளைத் தனியே கூப்பிட்டார்.

"இரத்தத்துல கிருமின்னு வெளிய மூச்சு விடாத. டெஸ்ட்டும் வேணாம். நாளைக்கு உம்மக தாரணிய எவன் கட்டுவான்? குடிச்சுச் செத்தான்னே இருக்கட்டும். தோட்டத்துல அது புதுசா?"

"அதுக்காகச் செத்தவரு வாயில சம்சு ஊத்துறீங்களா மாமா?"

"அவனுக்கு இனி என்ன?"

"அவருக்கு ஒன்னுமில்ல. தாரணி உயிரோட இருக்கா."

கருமாதிப் பந்தியில் முனுசாமி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "பாழாப்போன சம்சு என் தம்பியக் கொண்டுபோயிருச்சு." சாம்பார் வாளியோடு நின்ற ஜானகி அதைத் தரையில் வைத்தாள்.

"எம்புருசன் குடிக்கல. இரத்தத்துல கிருமி. இங்க உக்காந்திருக்கிற யாருக்கும் இருக்கலாம். போய்ப் பாருங்க."

பாதிப் பேர் இலையை விட்டு எழுந்தார்கள். "உக்காருங்க. சோத்துல பரவாது" என்றாள். யாரும் உட்காரவில்லை.

மறுநாளே பிள்ளைகளோடு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். அவளுக்கும் மகன் பிரவினுக்கும் கிருமி இல்லை, தடுப்பூசி போட்டார்கள். தாரணிக்கு இருந்தது. ஈரல் இன்னும் நன்றாகவே இருக்கிறது, ஆனால் தவறாமல் வந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள்.

"டெஸ்ட்டு வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் முனுசாமி, கெட்டிக்காரரைப் போல.

"நீங்க சொன்னதக் கேட்டிருந்தா, இவ வயிறு வீங்குன அன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கும்" என்றாள் ஜானகி.

அதற்குப் பிறகு அந்த லயத்தில் பலர் அவளோடு பேசுவதில்லை. அவளும் ஏங்கவில்லை. ஆஸ்பத்திரி நாள் வந்தால் வேலைக்குப் போகாமல் மகளைக் கூட்டிப் போகிறாள்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் பக்கத்து வீட்டில் ஈரல் வியாதி என்றால், அந்த ஆள் குடித்தானா என்று துருவாதீர்கள். ஜானகியின் கதையைச் சொல்லி, பிள்ளைகளின் இரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.